ஏழு வயதில் ‘திருந்தாதவன்’: பேப் ரூத் வாழ்க்கை வரலாறு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. இனி இவனை வளைக்க இயலாது என்று ஏழு வயதிலேயே வீட்டாரால் முடிவு கட்டப்பட்ட ஒரு சிறுவனின் வாழ்க்கையை இம்மலரின் வழியே நாம் காணப் புகுகிறோம். அவன் படிப்பில் முதல்வன் அல்லன். வளர்ந்த பின்னரும் புனிதனாக வாழ்ந்தவன் அல்லன். ஆயினும் அவன் பெயரை அறியாத அமெரிக்கக் குழந்தை இல்லை என்னும்படி உயர்ந்தான். பேஸ்பால் ஆட்டத்தின் பேரரசராக விளங்கிய ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்பவரே அவர். உலகம் அவரைப் பேப் ரூத் என்று அழைத்தது.

மதுக்கடை வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்கு 1895-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் ரூத் பிறந்தார். தந்தையார் மதுக்கடை நடத்தி வந்தார். அன்னைக்குப் பிறந்த மக்கள் எண்மர். அவர்களுள் பிழைத்தவர்கள் இவரும் ஒரு தங்கையுமே. ஆறு குழந்தைகளைப் பறிகொடுத்த தாயின் துயரத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு பகலாகக் கடையைக் கவனித்த பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை. பள்ளிக்குச் செல்லாமல் தெருவில் திரிவதும், புகையிலை மெல்லுவதும், கைக்கு எட்டியதை எடுத்துக் கொள்வதும் அச்சிறுவனுக்குப் பழக்கங்களாயின.

1902-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தந்தையார் அவனைப் புனித மரியன்னை தொழிற்பள்ளியில் சேர்த்தார். அப்பள்ளியின் முழுப் பெயரைக் கேட்டாலே மனம் கனக்கும். பெற்றோரற்ற, குற்றம் புரிந்த, திருந்தாத, வழி தவறிய சிறுவர்களுக்கான தொழிற்பள்ளி என்பதே அப்பெயர். ரூத்துக்குப் பெற்றோர் இருந்தனர். ஆகவே ‘திருந்தாதவன்’ என்ற பிரிவில் அவன் சேர்க்கப்பட்டான். தன் பெயரை எழுதக் கற்கும் வயதில் அப்பிள்ளைக்கு இப்படியோர் அடைமொழி வந்து சேர்ந்தது!

புனித மரியன்னை பள்ளியில்

அப்பள்ளியை நடத்தியவர்கள் சவேரியார் சபை அருட்சகோதரர்கள். 1839-இல் பெல்ஜிய நாட்டில் தோன்றிய இச்சபை, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் நற்செய்தி அறிவித்த அதே புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பாதுகாவலராகக் கொண்டது. ஏறத்தாழ 800 சிறுவர்கள் அங்கே தங்கிப் பயின்றனர். செபம், பாடம், கைத்தொழில், விளையாட்டு என நாள் முழுவதும் ஓர் ஒழுங்கில் நடந்தது. ரூத் சட்டை தைக்கும் தொழிலைக் கற்றான். இடையில் சிலமுறை வீட்டிற்கு அனுப்பப்பட்டான். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கே திரும்பி வந்தான். பெற்றோர் வந்து பார்க்கும் நாள்களில் தன்னைக் காண வருவோர் இல்லாததை அவன் நெடுங்காலம் மறக்கவில்லை.

அங்கேதான் அருட்சகோதரர் மத்தியாஸ் அவன் வாழ்க்கையில் நுழைந்தார். கனடா நாட்டவரான அவர் ஆறடிக்கு மேல் உயர்ந்த பேருருவினர். பள்ளியின் ஒழுங்கைக் காப்பது அவர் பொறுப்பு. குரலை உயர்த்தாமலே எண்ணூறு சிறுவர்களையும் அடக்கக் கூடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மாலை வேளையில் அவர் ஒரே கையால் மட்டையைப் பிடித்துப் பந்தை வானளாவ அடிப்பாராம். சிறுவர் கூட்டம் அண்ணாந்து பார்த்து நிற்குமாம். அவரது நடையையும் மட்டை வீச்சையும் ரூத் அப்படியே கற்றுக்கொண்டான். படிக்கவும் எழுதவும் அவனுக்குப் பொறுமையுடன் உதவியவரும் அவரே.

ஒரு நாள் நடந்ததாகக் கூறப்படும் செய்தி இது. ஆட்டத்தில் தம் அணியின் பந்தெறிபவன் தடுமாறித் தோற்றுக்கொண்டிருந்தான். அதைக் கண்டு ரூத் கைகொட்டிச் சிரித்தான். மத்தியாஸ் அவனைக் கடிந்து கொள்ளவில்லை, தண்டனையும் தரவில்லை. அவனையே பந்தெறியுமாறு களத்தின் நடுவே அனுப்பிவிட்டார். பிறர் துன்பம் எத்தகையது என்று அதே இடத்தில் நின்று பார்த்து உணரட்டும் என்பதே அவர் எண்ணம். அன்று இடக்கையில் பந்தெடுத்த சிறுவன் அதன் பிறகு பந்தை விடவே இல்லை.

1914 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்னும் தொழில்முறை அணியின் உரிமையாளர் ஜாக் டன் அவனைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். பருவத்திற்கு 600 டாலர் ஊதியம். டன் கூட்டி வந்த குழந்தை என்று மூத்த ஆட்டக்காரர்கள் கேலி செய்ய, ‘குழந்தை’ என்று பொருள்படும் ‘பேப்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை விலைக்கு வாங்கியது.

பதினான்கு இன்னிங்ஸ்

நம் மாணவியருள் கிரிக்கெட்டைப் பற்றி அறியாதோர் இலர். பேஸ்பாலைக் கண்டோர் சிலரே இருப்பர். அணிக்கு ஒன்பது பேர் ஆடும் ஆட்டம் அது. பந்தெறிபவர் எறியும் பந்தை மட்டையாளர் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒரே அடியில் நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டால் அது ‘ஹோம் ரன்’. மூவர் ஆட்டமிழந்தால் மற்ற அணியின் முறை வரும். இவ்விதம் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரு அணிகளும் சமமாக நின்றால், ஓர் அணி வெல்லும் வரை ஆட்டம் தொடரும்.

1916-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள். அமெரிக்காவின் இரு பெரும் லீக்குகளில் முதலிடம் பெற்ற அணிகள் மோதும் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். பாஸ்டனின் எதிரணி புரூக்ளின். கூட்டம் மிகுதி என்பதால் அந்நகரின் மற்றோர் அணிக்குரிய பிரேவ்ஸ் மைதானத்தை இரவலாகப் பெற்று ஆடினர். முந்தைய ஆண்டின் உலகத் தொடரில் ரூத்துக்குப் பந்தெறியும் வாய்ப்பே தரப்படவில்லை. ஒரே ஒரு முறை மட்டையுடன் அனுப்பினார்கள். இம்முறை பந்து அவர் கையில். வயது 21.

தொடக்கமே சறுக்கியது. முதல் இன்னிங்ஸில் இருவரை ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். மூன்றாவதாக வந்த ஹை மையர்ஸ் அடித்த பந்து, தடுப்போர் கைக்கு அகப்படாமல் மைதானத்திற்குள்ளேயே உருண்டோடியது. அதற்குள் அவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டார். அந்த ஆண்டின் லீக் ஆட்டங்களில் 323 இன்னிங்ஸுக்கு மேல் பந்தெறிந்தும் ஒரு ஹோம் ரன் கூட விட்டுக்கொடுக்காதவர் ரூத். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த நாளில், எடுத்த எடுப்பிலேயே ஒன்றைக் கொடுத்துவிட்டார்!

மூன்றாம் இன்னிங்ஸில் பாஸ்டனின் எவரெட் ஸ்காட் ஒரே அடியில் மூன்றாம் தளம் சேர்ந்தார். பின்னர் மட்டை பிடித்த ரூத் தரையோடு ஒரு பந்தை அடித்துத் தாம் ஆட்டமிழந்தார். ஆனால் அந்த இடைவெளியில் ஸ்காட் ஓடி வந்து ஓட்டத்தை எடுத்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமமாயிற்று.

அதன் பிறகு நடந்ததே நாம் சிந்திக்கத் தக்கது. நான்கு, ஐந்து, ஆறு என இன்னிங்ஸ் நகர்ந்தன, ஓட்டம் இல்லை. ஒன்பதும் முடிந்தது, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. புரூக்ளின் தரப்பில் ஷெர்ரி ஸ்மித் என்னும் மற்றோர் இடக்கைக்காரரும் சளைக்காமல் எறிந்துகொண்டிருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மின்விளக்குகளில் ஆடும் வழக்கம் பிறவாத காலம் அது. அக்டோபர் மாதத்துப் பொழுது சாய்ந்து மைதானத்தில் இருள் பரவத் தொடங்கியது. ரூத் பந்தை வேறொருவர் கையில் கொடுக்கவில்லை.

பதினான்காம் இன்னிங்ஸின் பிற்பகுதியில் பாஸ்டனின் ஹாப்லிட்செல் தளம் சேர்ந்தார். லூயிஸ் மெல்லத் தட்டி அவரை இரண்டாம் தளத்திற்கு நகர்த்தினார். அவருக்குப் பதிலாக ஓட மெக்நாலி அனுப்பப்பட்டார். மாற்று மட்டையாளராக வந்த டெல் கெய்னர் இடப்புறமாகப் பந்தை அடித்தார். மெக்நாலி பாய்ந்தோடி வந்தார். இரண்டுக்கு ஒன்று. உலகத் தொடரில் ஒரே பந்தெறிபவர் முதலிலிருந்து இறுதிவரை எறிந்து முடித்த மிக நீண்ட ஆட்டமாக அது இன்றளவும் நிற்கிறது. அவ்வாண்டின் உலகத் தொடரையும் பாஸ்டனே வென்றது.

ஆட்டக் குறிப்பேடு சொன்னதும் சொல்லாததும்

பேஸ்பால் எண்களின் ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. அன்றைய ஆட்டக் குறிப்பில் ரூத்தின் பந்தெறிவைப் பற்றிய வரி இது: 14 இன்னிங்ஸ், எதிரணியினர் நன்றாக அடித்துத் தளம் சேர்ந்தது 6 முறை, பிழையான பந்துகளால் தளம் பெற்றோர் 3, மட்டையை வீசியும் பந்தை எட்ட முடியாமல் வெளியேறியோர் 4, கொடுத்த ஓட்டம் 1.

அதே ஏட்டில் அவரது மட்டை ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வரி உண்டு. ஐந்து முறை மட்டை பிடித்தார்; நல்ல அடி பூஜ்யம். அந்த ஆண்டு முழுவதிலும் அவர் அடித்த ஹோம் ரன்கள் மூன்றே மூன்று. இந்த இரு வரிகளையும் அன்று ஓர் அறிஞரிடம் கொடுத்து இவ்விளைஞரின் எதிர்காலத்தைக் கணிக்கச் சொல்லியிருந்தால், சிறந்த பந்தெறிபவர், சாதாரண மட்டையாளர் என்றே எழுதியிருப்பார். எண்களில் பொய்யில்லை. ஆனால் அவை ஒரு நாளின் எண்கள். ஓர் ஆளின் எண்கள் அல்ல.

1918-இல் மீண்டும் உலகத் தொடரில் பந்தெறிந்தபோது, 1916-இல் மையர்ஸ் ஓடிய அந்த ஓட்டத்திற்குப் பிறகு தொடர்ச்சியாக 29⅔ இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காத சாதனையை ரூத் நிறுவினார். 1961 வரை அதை எவரும் முறியடிக்கவில்லை. ஆம், முதல் இன்னிங்ஸின் அந்தச் சறுக்கல் நடந்த இடத்திலிருந்துதான் அவருடைய சாதனைக் கணக்கே தொடங்குகிறது!

இதற்கிடையில் அவரது மட்டையும் விழித்துக்கொண்டது. 1919-இல் 29 ஹோம் ரன்கள் அடித்தார். அதற்கு முன் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை அடித்ததில்லை. அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை வாங்கியது. 1920-இல் 54, அமெரிக்கன் லீக்கில் வேறெந்த அணியும் மொத்தமாகச் சேர்த்தும் அவ்வாண்டு அத்தனை அடிக்கவில்லை. 1921-இல் 59, 1927-இல் 60. 1935-இல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 714. அந்த எண்ணிக்கையை 1974-இல் ஹாங்க் ஆரன் என்னும் கறுப்பினப் பெருமகன் கடந்தார். ரூத் ஆடிய காலத்தில் அத்தகைய வீரர்களைப் பெரிய லீக்குகளில் சேர்ப்பதே இல்லை. நிறத்தைக் காட்டி வாயிலை அடைத்து வைத்திருந்தார்கள். 1947-இல்தான் அக்கதவு திறந்தது. ஆகவே அக்காலப் பட்டியல்களைப் படிக்கும்போது, அவற்றில் இடம் மறுக்கப்பட்டவர்களையும் நாம் நினைவில் கொள்வதே நீதியாகும்.

நிறையும் குறையும்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் நாயகரின் குறைகளை மறைத்தல் தகாது. கையில் பணம் வந்ததும் ரூத் உணவிலும் குடியிலும் அளவு மறந்தார். இளவயதில் செய்த திருமணம் நிலைக்கவில்லை. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தனர். 1925-இல் ஒழுங்கு மீறலுக்காக அணியின் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்து 5,000 டாலர் அபராதமும் விதித்தார். உருவத்திலும் புகழிலும் தம்மைவிட எத்தனையோ மடங்கு சிறியவரான அம்மேலாளரிடம் ரூத் மன்னிப்புக் கேட்ட பின்னரே அணிக்குத் திரும்பினார்.

ஆனால் ஒன்றை அவர் மறக்கவில்லை. 1919-இல் புனித மரியன்னை பள்ளி தீ விபத்தில் பெரிதும் அழிந்தது. மறு ஆண்டு, தம் அணி ஆடச் சென்ற ஊர்களுக்குப் பள்ளிச் சிறுவர்களின் இசைக்குழுவையும் உடன் வரச் செய்து, பள்ளியை மீண்டும் கட்டுவதற்கு நிதி திரட்டினார். அருட்சகோதரர் மத்தியாசுக்குக் காடிலாக் மோட்டார் கார் ஒன்றைப் பரிசளித்தார். அது விபத்தில் நொறுங்கியதும் மற்றொன்றை வாங்கித் தந்தார். வறுமை நோன்பு ஏற்ற துறவிக்கு அத்தகைய வாகனம் எதற்கு என்று நாம் புன்னகைக்கலாம். தந்தையின் இடத்தில் நின்றவருக்கு, தான் அறிந்த மிகப் பெரிய பொருளையே கொடுக்க நினைத்த பிள்ளை மனம் அது. ஊர் ஊராகச் சென்றபோது அநாதை இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் குழந்தைகளைத் தேடிச் சென்று பார்ப்பதும் அவர் வழக்கமாயிருந்தது.

1946-இன் இறுதியில் அவரைப் புற்றுநோய் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து என்று சொல்லத் தக்கது ஏதுமில்லை. மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்த ஒரு புதிய மருந்தை 1947-இல் தம் உடலில் ஏற்றுக்கொண்ட முதல் சில நோயாளிகளுள் ரூத்தும் ஒருவர். அது அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் மருத்துவர்கள் கற்றுக்கொள்ள உதவியது.

1948 ஜூன் 13-ஆம் நாள் யாங்கீ மைதானத்தில் அவருக்கு விடையளிக்கும் விழா நடந்தது. அவர் அணிந்த 3-ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என அறிவித்தார்கள். மெலிந்த உடலுடன், ஒரு மட்டையையே ஊன்றுகோலாகப் பற்றி அவர் நின்றார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே ஜூன் 13-ஆம் நாளில்தான் ‘திருந்தாதவன்’ என்ற பெயருடன் ஏழு வயதுச் சிறுவனாகப் பள்ளி வாயிலில் நின்றார். இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 16-ஆம் நாள், தமது 53-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் வைக்கப்பட்ட மைதானத்திற்கு மக்கள் திரள் திரளாக வந்து வணங்கிச் சென்றனர். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் கர்தினால் ஸ்பெல்மன் முன்னிலையில் அடக்கத் திருப்பலி நடந்தது.

அருட்சகோதரர் மத்தியாஸ் அதைக் காண இல்லை. அவர் 1944-லேயே காலமானார். புனித மரியன்னை தொழிற்பள்ளியும் 1950-இல் மூடப்பட்டது.

நாம் எண்ணிப் பார்க்க

அன்பார்ந்த மாணவியரே, ஆட்டக் குறிப்பேட்டைப் போன்ற ஓர் ஏடு உங்கள் கைக்கும் ஆண்டுதோறும் வருகிறது. அதை முன்னேற்ற அட்டை என்கிறோம். அதிலுள்ள எண்களை அலட்சியம் செய்யுமாறு நாம் கூறவில்லை. ஐந்து முறை மட்டை பிடித்து ஒன்றும் அடிக்காததை ஐந்துக்குப் பூஜ்யம் என்று நேர்மையாக எழுதுவதே சரி. ரூத்தும் அந்தப் பூஜ்யத்தை மறைக்கவில்லை. மறுநாளும் மட்டையைத் தூக்கினார். முதல் இன்னிங்ஸில் ஓட்டம் கொடுத்தவர் பதினான்காம் இன்னிங்ஸ் வரை பந்தைக் கீழே வைக்கவில்லை. காலாண்டுத் தேர்வில் சறுக்கிய மாணவி முழு ஆண்டுத் தேர்வுவரை புத்தகத்தை மூடாதிருக்க இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே, அந்த அட்டையில் கையொப்பமிடும் வேளையில் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். நம் மகளின் மதிப்பெண்ணை ஆசிரியை எழுதுகிறார். அவளுக்கு அடைமொழி சூட்டுவதோ பெரும்பாலும் நாம்தான். மந்தமானவள், அடங்காதவள், இவள் தேறமாட்டாள் என்று கோபத்தில் நாம் சொல்லும் ஒரு சொல்லை அப்பிள்ளை எத்தனை ஆண்டுகள் சுமப்பாள் என்பதற்குக் கணக்கேடு இல்லை.

பேப் ரூத்தின் 714-ஐயும், 60-ஐயும், 29⅔-ஐயும் பதிந்து வைத்த ஏடுகளில் எங்கு தேடினாலும் அருட்சகோதரர் மத்தியாசுக்கு ஓர் எண் கிடைக்காது. எத்தனை மாலைகள் அவர் அப்பிள்ளைக்காகப் பந்தடித்தார், எத்தனை முறை பொறுத்தார் என்று எவரும் குறித்து வைக்கவில்லை. நம் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் விளக்கணைந்த பின்னும் விடுதித் தாழ்வாரங்களில் நடந்து செல்லும் நடைகளையும் எவரும் எண்ணியதில்லை. மனிதர் எண்ணாததை ஆண்டவர் எண்ணுகிறார் என்பது நம் விசுவாசம். அவ்விசுவாசத்தோடு, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எந்தப் பிள்ளையையும் முதல் இன்னிங்ஸிலேயே முடிவு கட்டாதிருக்க இவ்வாண்டு நாம் உறுதி கொள்வோமாக!